ஓலை முடையும்போது ஒரு நாவல்

மணவாளக்குறிச்சியை வெளியுலகம் அறிந்தது மணலால். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்று முதல் ஊர்ப்பெயரோடு மணலும் ஒட்டிக்கொண்டது. கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே வந்தால் குளமும் வயலும் தென்னை விளையும் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் உண்டு. அவற்றை நம்பி வாழ்கிறவர்களைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் கேட்டதில்லை.

எழுத்தாளர்கள் மட்டும் அவர்களைச் சும்மா விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து எழுதிய நாவல்களையும் கதைகளையும் அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். பக்கத்து இரணியலை வைத்து நீல பத்மநாபன் 1968-இல் ‘தலைமுறைகள்’ எழுதினார். பனங்காட்டு வாழ்க்கையை ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் ‘புத்தம் வீடு’ ஆக்கினார். நாஞ்சில் நாட்டு வயலையும் வீட்டையும் நாஞ்சில் நாடன் எழுதி எழுதித் தீரவில்லை. இவையெல்லாம் யாரைப் பற்றியவையோ அவர்கள் படித்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. விடிந்தால் வயல், பொழுதடைந்தால் அசதி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு முந்நூறு பக்கப் புத்தகம் என்பது பெரிய மலை.

இந்தக் கணக்கைக் கடந்த ஒரு வருடமாக மணவாளக்குறிச்சியில் ஒரு வீட்டில் கொஞ்சம் நேர்செய்து வருகிறார்கள். நாற்பது சென்ட் வயல், அறுபது சென்ட் விளை. வயது அறுபத்தெட்டு ஆன பாட்டாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்து, மறு கண் காத்திருக்கிறது. பாட்டி ஓலை முடைவார், ஈர்க்கில் சீவி வாரியல் கட்டுவார். பேத்தி ஒன்பதாம் வகுப்பு. மருத்துவர் பாட்டாவைக் கொஞ்ச நாள் வெயிலிலும் தூசியிலும் இறங்கக் கூடாது என்று சொன்னபோது, சும்மா திண்ணையில் இருக்க முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பேத்திதான் கைப்பேசியில் ஒலிநூல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பாம்பே கண்ணன் குழுவினர் பல குரல்களில் பதிவு செய்த ‘பொன்னியின் செல்வன்’.

கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். ஊரெல்லாம் வந்தியத்தேவனையும் நந்தினியையும் பற்றிப் பேசும். பாட்டா நின்றது முதல் அத்தியாயத்தில். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை போகிறது. அந்த ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று வருகிறது. இன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கும் வீராணம் ஏரிதான் அது. கணவாய் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் பாட்டா பதிவை நிறுத்தச் சொன்னார்.

“எழுவத்தி நாலு மடையா? நம்ம கொளத்துக்கு உள்ளதே ரெண்டு மடை. அதுல ஒண்ணு அடஞ்சு கெடக்கு.”

அன்று மாலை கதை அதற்குமேல் நகரவில்லை. எழுபத்து நாலு மடைக்கும் தனித்தனி மடைக்காரன் இருந்திருப்பானா, மறுகால் எந்தப் பக்கம், கரைக்கு மண் எங்கிருந்து வெட்டினார்கள் என்பதுதான் பேச்சு. கல்கி உயிரோடு இருந்து இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு சரித்திர நாவலை விவசாயி எந்த வாசல் வழியாக நுழைந்து பார்ப்பார் என்பதை நகரத்து விமர்சகர்கள் எழுதியதில்லை. பிறகு வந்த அரண்மனைச் சதிகளில் பாட்டாவுக்குப் பாதி நாட்டம்தான். பாட்டிக்கோ பூங்குழலி பிடித்துப்போனது. கடலில் தனியாகப் படகு விடும் பெண் என்றால் இந்தக் கரையில் யாருக்குத்தான் பிடிக்காது.

காதால் புத்தகம் கேட்பதைப் படிப்பில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பேசும் புத்தகங்கள் மேல்நாடுகளில் 1930-களில் கண் தெரியாதவர்களுக்காகத்தான் முதலில் செய்யப்பட்டன. அவர்கள் கேட்டதைப் படிப்பு இல்லை என்று யாரும் தள்ளவில்லை. கையில் வேலையும் காதில் புத்தகமும் என்பதும் பழைய ஏற்பாடுதான். கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து நாவல் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினார்கள். இங்கே கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக்கூடங்களிலும் அதே வழக்கம். ஒருவர் செய்தித்தாளும் கதையும் வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். குமரி மாவட்டத்தைக் கேட்கவே வேண்டாம். கொடை விழா என்றால் விடிய விடிய வில்லுப்பாட்டு. நிழல்தாங்கல்களில் பதினேழு நாள் ஏடு வாசிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களும் முழுக்கதையை வரி தவறாமல் சொல்வார்கள். கேட்டே படித்த சனம் இது.

விவசாயத்திலும் காது பெரிய வேலை பார்த்திருக்கிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் தஞ்சைப் பக்கம் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரைவிட அதுதான் வாயில் நின்றது. நாகர்கோவிலில் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது 1984-இல். நாட்டிலேயே முதல் உள்ளூர் நிலையம் அதுதான். அந்த வானொலியைக் கேட்டுக்கொண்டே களை பறித்த தலைமுறைக்குக் கைப்பேசியில் நாவல் கேட்பது அவ்வளவு புதிதல்ல.

ஆனால் குரல் என்று ஒன்று இருக்கிறது. நகரத்துக் குரல் ஒன்று நம் பக்கத்துக் கதையை வாசித்தால் ஏறுவது சிரமம். பாட்டி ஒரு கதையைக் கேட்டுவிட்டு, “இவங்க வாசிக்கது பரீட்சைக்குப் படிக்க மாதிரி இருக்கு” என்றார். இப்போது இயந்திரக் குரலும் வந்துவிட்டது. அதற்கு ‘பூ’ என்றால் மலர்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்பவை நெல் பருவங்கள் என்று அதற்கு யார் சொல்வது? அழுத்த வேண்டிய இடத்தில் வழுக்கிப் போகும், வழுக்க வேண்டிய இடத்தில் முட்டி நிற்கும். ‘தலைமுறைகள்’ போன்ற நாவலில் பாதிச் சுவை இரணியல் பேச்சில்தான் இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்கு அது கடினமான நடை என்பார்கள். மணவாளக்குறிச்சிக்காரருக்கு அது பக்கத்து வீட்டுப் பேச்சு. அதை வேறு ஊர்க் குரலில் கேட்பது, கருப்பட்டிக் காப்பியில் சீனி போட்ட மாதிரி.

அதனால் ‘புத்தம் வீடு’ வந்தபோது பேத்தியே வாசிக்கட்டும் என்று முடிவானது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தாள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்பது பல பேருக்கு நினைவில் இருப்பதில்லை. கட்டிய காசுக்கு ஒரு புத்தகமாவது எடுக்கலாம். அவள் படிப்பது ஆங்கில வழி. தமிழைக் கூட்டித்தான் வாசித்தாள். முதல் நாள் நாலு பக்கம் தாண்டவில்லை. அக்கானி என்ற சொல்லில் நின்றுவிட்டாள்.

“பதநீர்தான் மக்களே. நாங்க அக்கானின்னுதான் சொல்லுவோம். சுண்ணாம்பு தேய்ச்ச கலயத்துல எறக்கினா அக்கானி, தேய்க்காம எறக்கினா கள்ளு.”

அதற்குப் பிறகு வாசிப்பு இரண்டு பேர் வேலை ஆனது. எழுத்து பேத்தியுடையது, பொருள் பாட்டியுடையது. பாளை சீவுவது எப்படி, ஒரு நாளில் எத்தனை முறை மரமேறுவார்கள், அக்கானி காய்ச்ச என்னென்ன விறகு, கருப்பட்டிக்குப் பதம் எப்போது என்று பாட்டி சொல்லச் சொல்ல, நாவலைவிட அது நீண்டது. பனையேறிக் குடும்பத்தில் பிறந்த பாட்டிக்கு இதெல்லாம் தெரியும் என்பது பேத்திக்கு அதுவரை தெரியாது. யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த நாவலின் லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் உட்காருகிறாள். ஒரே சனத்துக்குள்ளேயே பனை உடையவர் வீடு வேறு, பனை ஏறுகிறவர் வீடு வேறு. அந்த வேலியைத் தாண்டி லிஸிக்குத் தங்கராஜின் மீது மனம் போகிறது. பள்ளிக்கூடம் நின்ற பக்கத்தை வாசித்த அன்று பாட்டி ஓலையைக் கீழே வைத்துவிட்டார். “எனக்கும் அஞ்சாங் கிளாசோட நிறுத்துனாங்க. கணக்குல நான்தான் மொத ஆளு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாட்டாவுக்கு இது ஐம்பது வருடத்தில் முதல்முறையாகக் கேட்கும் செய்தி. அடுத்த வாரமே தேங்காய் வெட்டுக் கணக்கு எழுதும் நோட்டு பாட்டி கைக்கு மாறிவிட்டது. இதுவரை அந்த நோட்டில் கூலி போக மிச்சம் எவ்வளவு என்று தனியாக ஒரு வரி கிடையாது, இப்போது உண்டு. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் அந்த நோட்டைக் காட்டலாம்.

கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ கேட்கவே எழுதியது போல இருக்கிறது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லும் பாட்டு. சொத்தெல்லாம் அக்காள் தங்கை பிள்ளைகளுக்குப் போக, கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் தெருவில் நிற்கும் கதை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பார். திருவிதாங்கூர் அரசு 1926-இல் சட்டம் போட்டு அந்த வாரிசு முறையை மாற்றியது. பெண் மக்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இல் சட்டமானது. சட்டம் வந்தாலும் விளையைப் பங்கு வைக்கும்போது ‘அவளுக்குத்தான் நகை போட்டாச்சே’ என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. கவிமணி இருந்திருந்தால் இரண்டாம் பாகம் எழுதியிருப்பார். இதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

மற்ற நூல்கள் அப்படியில்லை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை அனுமதி கேட்காமல் வாசித்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் அது அடுத்தவர் விளையில் தேங்காய் பறிப்பதுதான். வீட்டுக்குள் பாட்டிக்கு வாசிப்பது வேறு.

இனி கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டிய இடம். ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழிலும் பல வருடமாகக் கிடைக்கிறது. 1975-இல் வந்த மூல நூல். இதற்குப் பதினைந்து நிமிடச் சுருக்கங்கள் ஏராளம். பாட்டா முதலில் கேட்டது அப்படி ஒரு சுருக்கம். உழ வேண்டாம், உரம் வேண்டாம், களை பறிக்க வேண்டாம், மருந்து வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று இனிமையான குரலில் சொல்லி முடிந்தது. பாட்டாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த வருடம் வாழைக்கு ஒன்றும் செய்யப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

முழுப் புத்தகத்தைப் பேத்தி வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் வேறு விஷயங்கள் வெளியே வந்தன. ஃபுகோகா பயிர் நோயியல் படித்தவர். யோகோஹாமா சுங்கத்துறையில், கப்பலில் வரும் செடிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஷிகோகு தீவில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குத் திரும்பினார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மரங்களைக் கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. பலகாலம் கவாத்து செய்து பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை அல்ல, அதற்குக் கைகழுவுதல் என்று பெயர் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு அவர் கண்டுபிடித்த முறையில் வேலை இல்லாமல் இல்லை. நிற்கும் நெல்லுக்குள்ளேயே அடுத்த பயிர் விதை தூவ நாள் பார்க்க வேண்டும். வெள்ளைத் தீவனப்பயிர் மூடாக்கு நிற்க வேண்டும். வைக்கோல் முழுவதையும் திரும்ப வயலில் பரப்ப வேண்டும்.

சுருக்கத்தில் அந்தப் பட்டுப்போன தோட்டம் இல்லை. சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது தோல்வியைத்தான். விவசாயிக்கு முதலில் வேண்டியதும் அதுதான். தென்னையிலும் வாழையிலும் ஒரு வருடம் தவறினால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ள முடியாது. ஃபுகோகா சொன்னதில் நம் ஊருக்கு ஆகும் சங்கதியும் உண்டு. காவிரிப் படுகையில் நெல் அறுக்கும் முன்பே ஈரத்தில் உளுந்து தூவுகிறார்களே, அது அவர் செய்ததற்குச் சொந்தக்கார முறை. மூடாக்கு போட்ட வாழைக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பதைப் பாட்டாவே பார்த்திருக்கிறார். ஆனால் அவர் தீவின் மழையும் குளிரும் வேறு, இங்கே இரண்டு மழைப் பருவம் அடிக்கிற மண் வேறு. கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது: பத்து வாழைக்கு மட்டும் சருகு மூடாக்கு, உரம் பாதி, மற்றவற்றுக்கு வழக்கம்போல. பத்தில் தோற்றால் தாங்கலாம். தார் வெட்டும்போது இரண்டையும் எடை போட்டு நோட்டில் எழுதப் பாட்டி தயாராக இருக்கிறார்.

இன்னொன்று, எண்களைக் காதை நம்பி விடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்பதும் ஏக்கருக்கு இத்தனை மில்லி என்பதும் ஓடுகிற குரலில் ஒன்று போலக் கேட்கும். மருந்து டப்பாவில் நச்சுத்தன்மையைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறக் குறி இருக்கிறது. சிவப்புதான் மிகக் கொடியது. நிறத்தைக் காதால் பார்க்க முடியாது. கதையைக் கேளுங்கள், அளவைப் படியுங்கள், முடிந்தால் எழுதி வையுங்கள். இந்த இதழின் கேள்வி பதிலைக்கூட அந்த வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள். பேத்தி கேள்வியை வாசித்து நிறுத்துவாள். பாட்டா தன் பதிலைச் சொல்ல வேண்டும். பிறகு அச்சில் உள்ள பதில். அளவு வரும் இடத்தை மட்டும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிடுவார்கள். பாட்டா பதில் ஒத்துப்போனால் அன்றைக்கு வெற்றிலை ஒன்று கூடுதல்.

காதுக்குள் சொருகும் கருவியைப் போட்டுக்கொண்டு விளைக்குள் நடப்பதும் நல்லதல்ல. காற்றில் தேங்காய் விழுவதையும் சருகுக்குள் பாம்பு நகர்வதையும் காதுதான் முதலில் சொல்கிறது. சிவப்புக் கூன்வண்டு விழுந்த தென்னையில், தண்டில் காதை வைத்தால் உள்ளே புழு கரகரவென்று அரிப்பது கேட்கும். துளையும் பழுப்புச் சாறும் கண்ணில் படும் முன்பே பழகிய காது பிடித்துவிடும். அந்தக் காதை முழுவதும் கதைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். களைவெட்டி இயந்திரம் ஓட்டும்போதும் மரமேறும்போதும் கதை கூடவே கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, அதுவும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் போட்டுக் கேட்டால், வீட்டில் நாலு பேருக்கும் ஆகும்.

மழைக்காலத்தில் நாஞ்சில் நாடன் சிறுகதைகள் வாசித்தார்கள். சிரிப்பும் ஏளனமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ‘யாம் உண்பேம்’ வந்தது. விதர்ப்பாவிலிருந்து பிழைப்பற்றுக் கிளம்பிய ஒரு கிழ விவசாயி. ரயிலில் ஒருவர் சாப்பிடும்போது பசியில் அவர் கையைப் பிடித்துவிடுகிறார். மராத்திக்காரர், பருத்தி விவசாயி, வேறு ஊர், வேறு பேச்சு. ஆனால் வாசிப்பு முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் தவணை எந்தத் தேதி என்று பாட்டா மெதுவாகக் கேட்டார். பாட்டி தேதி சொன்னார். பிறகு, அன்று கஞ்சி குடிக்க வந்திருந்த மடைக்காரருக்கு இன்னொரு அகப்பை ஊற்றினார்.

பேத்தி வாசித்ததையெல்லாம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் உள்ள பகலில் பாட்டி விட்ட இடத்திலிருந்து கேட்டுக்கொள்வதற்காக. பதிவில் கோழி கூவுகிறது, மண்டைக்காடு போகும் பேருந்து ஹாரன் அடிக்கிறது, பாட்டா குறுக்கே பேசுகிறார். ‘புத்தம் வீடு’ ஒன்பதாம் பதிவில் லிஸி பேசிக்கொண்டிருக்கும்போது தடாலென்று ஒரு தேங்காய் விழுகிறது. அதை அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கட்டுமா என்று பேத்தி கேட்டாள். “கெடக்கட்டும் மக்களே, அது எந்த மூட்டுத் தேங்கான்னு எனக்குத் தெரியும்” என்றார் பாட்டி. அடுத்து ‘தலைமுறைகள்’. நூலகத்தில் அதை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். பேத்தி பெயர் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.